கடைதான் நமக்கு விலாசம்

(தோட்டத்து முதியோர் மாதக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



வழமையாக இந்தக் கூட்டத்தில் நாங்கள் எழும்பினால் பிரஷர், சீனி வருத்தம், சேமலாப நிதி, மலசலகூடம் என்றுதான் பேசுவோம். இன்றைக்கு வேறு ஒன்று பேசப் போகிறோம். அதற்குக் காரணம் நீங்கள்தான்.

போன மாதக் கூட்டம் முடிந்து, இதே பிள்ளைக்காம்பரா வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றபோது நம்முடைய பெரியவர்கள் இரண்டு பேருக்குள் வாக்குவாதம் வந்தது. பழைய மஸ்கெலியா டவுனில் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் இருந்தது புடவைக் கடையா, சாப்பாட்டுக் கடையா என்பதுதான் சண்டை. "எனக்கு அங்கதான் கல்யாண வேட்டி எடுத்தாங்க" என்றார் ஒருவர். "நீ வேட்டி எடுத்த கடைக்கு எதிர்ல நான் இடியப்பம் தின்னவன்டா" என்றார் மற்றவர். அரை மணித்தியாலம் போனது. தீர்ப்புக் கிடைக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தோம். கையில் போனை வைத்துக்கொண்டு நின்ற பொடியன்மார் அதை மடியில் போட்டுவிட்டு வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அன்று இராத்திரி முழுக்க நமக்கும் கடைகளின் ஞாபகம்தான்.

தம்பி தங்கச்சிமாருக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். நாம் சம்பளத்துக்குச் சாமான் வாங்கப் போகிற மஸ்கெலியா, மேட்டில் கட்டிய புது டவுன். பழைய டவுன் கீழே தண்ணிக்குள் இருக்கிறது. மஸ்கெலி ஓயாவை மறித்து மவுஸ்ஸாக்கலை அணையைக் கட்டினார்கள். 1969இல் அணை வேலை முடிந்தது. மின்சாரத்துக்காகத் தேக்கிய அந்தத் தண்ணிக்குள் கடைத் தெருவும், கோயிலும், விகாரையும், பள்ளிவாசலும் ஒன்றாகப் போயின. கடும் வறட்சி வந்து தண்ணி வற்றுகிற வருசங்களில் அவற்றின் மிச்சம் வெளியே தெரியும். அப்போது எங்கிருந்தோ ஆட்கள் வந்து படம் பிடிப்பார்கள். அவர்களுக்கு அது வேடிக்கை. நம்முடைய பெரியவர்களுக்கோ அது தாங்கள் நடந்த தெரு.

எங்கள் அப்பாவுக்கு அந்த நேரம் பத்தொன்பது வயது. கடைகள் மேட்டுக்கு மாறின கதையை அவர் அடிக்கடி சொல்வார். எங்கள் குடும்பம் பற்று வைத்திருந்த பலசரக்குக் கடை முதலாளி மூட்டை முடிச்சுக்கு முன்னால் கணக்குப் புத்தகங்களைத்தான் ஒயில் துணியில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு ஏறினாராம். "சாமான் பின்னால வரட்டும், புஸ்தகம் முன்னால போகட்டும்" என்றாராம். சாமான் தூக்கப் போன நம்ம ஆட்கள், "அது மட்டும் தண்ணியில போயிருந்தா நம்ம கடனும் போயிருக்குமே" என்று சிரித்தார்களாம். டவுன் முழுகினாலும் கடன் முழுகவில்லை. ஆனால் அந்தப் புத்தகம் கடனை மட்டும் சுமக்கவில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது. அதைச் சொல்லத்தான் இந்தப் பேச்சு.

எங்களுக்கு விவரம் தெரிந்த காலம் 1980களின் கடைசி. மாதத்தில் சம்பள ஞாயிற்றுக்கிழமைதான் டவுனுக்குப் போகிற நாள். அம்மா பெட்டியில் இருக்கிற நல்ல சேலையைக் கட்டுவார். எங்களுக்குத் தலையில் எண்ணெய் வழியும். பஸ்ஸை விட்டு இறங்கினதும் முதலில் கண்ணில் படுகிறவர் நாட்டாமி. மூட்டை தூக்குகிறவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தச் சேலை எந்தத் தோட்டம், எந்த மூட்டை எந்த பஸ் என்பதில் அவர் பிழை விட்டு யாரும் பார்த்ததில்லை. "ஏய் மேல் டிவிசன், உன் பஸ் போகப் போகுது, இன்னும் வளையல் கடையிலயா நிக்கிற" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவார். அவர் கத்தாவிட்டால் பாதிப் பேருக்கு அன்று இராத்திரி டவுனிலேதான்.

அதற்கு அடுத்தது மணிக்கூடு திருத்துகிற நானா. கண்ணில் ஒரு குழாயை மாட்டிக்கொண்டு குனிந்தபடியே பேசுவார். மணிக்கூடு வைத்திருந்தவர்கள் தோட்டத்தில் எத்தனை பேர்? அவரிடம் போனதெல்லாம் ரேடியோதான். பற்றரியை வெயிலில் காயவைத்துக் காயவைத்துப் பாட்டுக் கேட்ட காலம். நானா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுல வருத்தம் ஒண்ணுமில்ல, உள்ளுக்கு கரப்பத்தான் குடும்பம் நடத்துது" என்பார். துடைத்துக் கொடுப்பார். காசு வாங்க மாட்டார். ஆனால் காசு கொடுக்க மறந்து போனவனுக்கு அடுத்த முறை எல்லோர் முன்னாலும் ஞாபகப்படுத்துவார்.

சுருட்டுக் கடை யாழ்ப்பாணத்து ஐயாவை எங்களுக்கு நேரில் தெரியாது. அப்பா சொன்னதுதான். அவருடைய கடையில் ஒரு வாங்கு போட்டிருக்கும். சுருட்டு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அதில் உட்கார்ந்து வீரகேசரி படிக்கலாம். படிக்கத் தெரியாதவர்களுக்கு அவரே உரக்கப் படிப்பார். அப்பா எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகினது அந்த வாங்கில்தான். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஊருக்குப் போன ஐயா திரும்பி வரவில்லை. பூட்டின கதவுக்கு முன்னால் வாங்கு மட்டும் கொஞ்ச நாள் கிடந்ததாம்.

பேக்கரி மாத்தயாவைப் பற்றி அம்மா சொல்லும்போது குரல் மாறிவிடும். 1973, 1974 பஞ்ச காலத்தை இங்கே இருக்கிற தாய்மார் மறந்திருக்க மாட்டீர்கள். அரிசியும் மாவும் குறைந்து, தோட்டத்தில் கிழங்கும் கீரையும் அவித்துத் தின்று, கை கால் வீங்கி ஆட்கள் செத்த காலம். பாணுக்கு விடியப்புறம் கியூ. எங்கள் பெரிய அக்கா அப்போது கைக்குழந்தை. கியூவில் நின்று நின்று அம்மாவின் முறை வந்தபோது பாண் முடிந்துவிட்டது. மாத்தயா கதவைச் சாத்தப் போனவர் திரும்பிப் பார்த்து, "நங்கி, இன்ன" என்று சொல்லி உள்ளே போய்த் தன் வீட்டுக்கு எடுத்து வைத்திருந்த பாணில் பாதியை வெட்டிக் கொடுத்தாராம். முழுப் பாணைக் கொடுத்தார் என்று சொல்லியிருந்தால் நாங்கள் நம்பியிருக்க மாட்டோம். பாதி கொடுத்தார். மற்றப் பாதிக்கு அவருடைய பிள்ளைகள் இருந்தார்கள். அம்மா அந்த மாத்தயாவின் கடை இருக்கும் வரைக்கும் வேறு கடையில் பாண் வாங்கவில்லை.

தபால் கந்தோர் வாசலில் ஒரு மேசை போட்டிருந்த பெட்டிசன் ஐயாவையும் விட முடியாது. மணி ஓடர் போம், தந்தி, விண்ணப்பம் எல்லாம் அவர் எழுதுவார். 1948ஆம் வருசத்துப் பிரஜாவுரிமைச் சட்டத்தில் உரிமை இழந்த நமக்கு, அதற்குப் பிறகு எத்தனை போம், எத்தனை கையொப்பம்! பாதி மலைநாட்டுக்கு அவர்தான் வாய். ஆனால் அவருக்கு ஒரு பழக்கம். பேரைக் கேட்டதும் தனக்குப் பிடித்த மாதிரி எழுதிவிடுவார். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மூன்று பேருக்கு அப்பன் பேர் மூன்று விதம். இன்றைக்கும் அடையாள அட்டையில் ஒரு பேர், பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர் என்று எங்கள் மேசைக்கு முன்னால் வந்து நிற்கிறீர்களே, அதில் சிலதுக்கு அந்த மேசைதான் ஆரம்பம். அவரையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டோம். எழுதினதைத் திரும்பப் படிக்கச் சொல்லி நாம் கேட்கவில்லை.

இப்போது பலசரக்குக் கடைக்கு வருவோம்.

கடைக்காரர் எல்லோரும் தர்மவான்கள் என்று சொல்ல நாங்கள் இங்கே வரவில்லை. தராசில் விரல் வைத்தவர்கள் இருந்தார்கள். பற்றுக்கு ஒரு விலை, கைக்காசுக்கு ஒரு விலை என்று வைத்தவர்கள் இருந்தார்கள். பற்றுக்கு வாங்குகிறவன் விலை கேட்க முடியாது; கேட்டால் அடுத்த மாதம் பருப்பு கிடையாது. அடகுக் கடைக்குப் போன தோடு திரும்பாத வீடுகள் நம்மில் எத்தனை! தவறணை வாசலில் சம்பளக் கவரை எப்படியாவது பறித்துவிட வேண்டும் என்று பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற தாய்மாரையும் அந்தத் தெருவில்தான் பார்த்தோம். அதையெல்லாம் மறைத்துவிட்டு இனிப்பை மட்டும் சொன்னால் அது ஞாபகம் ஆகாது.

ஆனாலும் ஒன்று இருந்தது. தோட்டத்தில் அப்பா ஒரு செக்ரோல் நம்பர். பிரட்டில் நம்பர், மடுவத்தில் நம்பர், சம்பள மேசையில் நம்பர். கடைக்காரர் புத்தகத்தில் மட்டும்தான் அப்பாவின் பேர், தாத்தாவின் பேர், டிவிசன், லயம் எல்லாம் முழுதாக எழுதியிருக்கும். ஆடி மாத மழையில் வேலை குறைந்தால் அவருக்குத் தெரியும். வீட்டில் பிள்ளை பிறந்தால் தெரியும். அம்மா பெருங்காயமும் பூண்டும் கூடுதலாகக் கேட்டதும், "ஏன் தங்கச்சி, மூத்தவளுக்குப் பிள்ளை பிறந்திருக்கா?" என்று கேட்ட முதலாளி அவர்.

அதை விடப் பெரிய விசயம் விலாசம். லயத்தில் இருக்கிறவனுக்கு விலாசம் ஏது? காம்பராவுக்கு நம்பர் இருக்கும், வீட்டுக்கு விலாசம் இல்லை. கடிதம் எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். அங்கே யாருக்காவது ஞாபகம் வந்தால் கைக்குக் கிடைக்கும். எங்கள் அனுபவத்தையே சொல்கிறோம். உயர்தரம் எழுதிவிட்டு ஒரு நியமனத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தோம். நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்தது. ஒரு ஆபீஸ் மேசையில் மற்றக் கடதாசிகளுக்கு அடியில் ஒன்பது நாள் கிடந்து, பரீட்சை முடிந்த மறுநாள் எங்கள் கைக்கு வந்தது. யார் மேலும் வழக்குப் போட முடியாது. யாரும் வேண்டுமென்று செய்யவுமில்லை. ஒரு தொழிலாளி வீட்டுக் கடிதம் அவசரமாக இருக்கும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு அம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அழுதது இன்னும் காதில் இருக்கிறது.

அதைக் கேள்விப்பட்ட முதலாளி எங்களைக் கூப்பிட்டு, "இனிமே கேர் ஆப் என் கடைன்னு போடு" என்றார். அப்படித்தான் போட்டோம். இந்த உத்தியோகத்துக்கான கடிதம் அந்தக் கடைக்குத்தான் வந்தது. வந்த அன்றே நாட்டாமியிடம் கொடுத்து, நாட்டாமி பஸ் கொண்டக்டரிடம் கொடுத்து, அந்தியில் விளக்கு வைக்கிற நேரம் வீட்டுக்கு வந்துவிட்டது. இன்றைக்கு நாங்கள் உங்கள் முன்னால் நின்று பேசுவது அந்த மூன்று பேருடைய கைமாற்றில் வந்த ஒரு கடிதத்தால்தான்.

நமக்கு மட்டுமல்ல, பலருக்கும் அந்தக் கடை விலாசமாக இருந்தது. கப்பலேறிப் போனவர்களுக்கும்கூட.

1964இல் இரண்டு நாட்டுத் தலைவர்களும் ஒப்பந்தம் செய்து, நம்மில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் இருந்த 150,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். நம்மிடம் யாரும் கேட்கவில்லை. அப்படிப் போனதில் ஒன்று, எங்கள் லயத்தில் அடுத்த காம்பராக் குடும்பம். 1980களின் ஆரம்பத்தில் ஹட்டன் ஸ்டேசனில் ரயிலேறித் தலைமன்னார் போனார்கள். போவதற்கு முந்தின நாள் அந்த மாமா கடைக்குப் போய்க் கணக்குப் பார்த்திருக்கிறார். இருந்ததையெல்லாம் விற்றுக் கட்டியும் 64 ரூபாய் 35 சதம் மிச்சம் நின்றது. முதலாளி, "போய்ச் சேர்ந்து கடிதம் போடு, அது போதும்" என்று சொல்லி, பிள்ளைகளுக்கு ஒரு பக்கற் பிஸ்கற்றும் கொடுத்து அனுப்பினாராம்.

எங்களுக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு நாள் அம்மாவோடு கடைக்குப் போயிருந்தோம். முதலாளி ஒரு கடிதத்தை நீட்டி, "என் கண்ணாடி உடைஞ்சு போச்சு, நீ படி" என்றார். நீலகிரி கூடலூரில் இருந்து அந்த மாமா எழுதியது. அங்கேயும் தேயிலைத் தோட்டத்தில்தான் வேலை, மழை நம்ம ஊர் மழை மாதிரியேதான், பெரியவள் பள்ளிக்கூடம் போகிறாள், அங்கே எங்களை சிலோன்காரன் என்கிறார்கள் என்று எழுதியிருந்தார். கடைசியில், இந்தக் கடிதம் கொண்டுவருகிற உறவுக்காரரிடம் பழைய பாக்கியைக் கொடுத்திருக்கிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும் என்று இருந்தது. அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். எங்களுக்குப் பாதிக்கு மேல் வாசிக்க முடியவில்லை. முதலாளி பழைய புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்து, அந்தப் பக்கத்தைத் திருப்பி, 64 ரூபாய் 35 சதத்துக்கு வரவு எழுதி, குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"வேணாம்னு திருப்பி அனுப்பியிருக்கலாமே மொதலாளி" என்றார் அம்மா.

"திருப்பி அனுப்பினா அவன் மானத்த நான் வச்சிக்கிட்ட மாதிரி ஆகும் தங்கச்சி" என்றார் அவர்.

அந்த வார்த்தையை நாங்கள் இந்த உத்தியோகத்தில் பல தடவை நினைத்துக்கொள்கிறோம். ஒருவருக்கு உதவி செய்வது எளிது. உதவி வாங்கினவர் நிமிர்ந்து நிற்க இடம் விடுவதுதான் கஷ்டம்.

இன்றைக்கு அந்த முதலாளி இல்லை. கடை இருந்த இடத்தில் போன் கடை. மாத்தயாவின் பேக்கரியும் கைமாறிவிட்டது. பெட்டிசன் ஐயாவின் மேசை இருந்த இடத்தில் முச்சக்கர வண்டி நிற்கிறது. காலம் மாறத்தான் செய்யும், அதற்காக அழ வேண்டியதில்லை. இப்போது பற்றுப் புத்தகத்துக்குப் பதிலாக வாரக் கடன்காரர் கையொப்பம் வாங்க லயத்துக்கே வருகிறார். அவருக்கு மறுபடியும் நாம் ஒரு நம்பர்தான். 2022 நெருக்கடியில் மாவும் மண்ணெண்ணெயும் இல்லாமல் திண்டாடினோமே, அப்போது நமக்கு அரைக் கிலோ, கால் கிலோ என்று பற்றுக் கொடுத்தது யார்? முகம் தெரிந்த சின்னக் கடைக்காரர்தான். அதை மறந்துவிடாதீர்கள்.

ஆகவே உங்களிடம் மூன்று விசயம் கேட்கிறோம்.

ஒன்று, வாசிகசாலையில் ஒரு பெரிய கொப்பி வைக்கப் போகிறோம். பெரியவர்கள் சொல்லுங்கள், பொடியன்மார் எழுதட்டும். எந்தக் கடை, அதற்குப் பக்கத்தில் என்ன, அதில் இருந்தவர் எப்படிப்பட்டவர். நல்லதும் எழுதுங்கள், தராசில் விரல் வைத்ததையும் எழுதுங்கள். புடவைக் கடையா சாப்பாட்டுக் கடையா என்ற வழக்கையும் அதிலேயே தீர்த்துக்கொள்ளலாம். பழைய டவுனைக் கண்ணால் பார்த்தவர்கள் நம் தோட்டத்தில் வருசத்துக்கு வருசம் குறைந்துகொண்டு வருகிறார்கள். தண்ணி மூடினது கல்லையும் சுவரையும்தான். மிச்சம் உங்களிடம் இருக்கிறது.

இரண்டு, எந்தப் பத்திரமாக இருந்தாலும் எழுதினதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையொப்பம் வையுங்கள். பேரில் ஒரு எழுத்துப் பிழைத்தால் அதைத் திருத்த எத்தனை நடை என்பது எங்களுக்குத் தெரியும்.

மூன்று, விலாசம். தனி வீட்டுக்குப் போன குடும்பங்கள் வீட்டு இலக்கத்தோடு முழு விலாசத்தையும் எழுதப் பழகுங்கள். இன்னும் லயத்தில் இருப்பவர்கள், கடிதம் எதையாவது எதிர்பார்த்தால் முன்கூட்டியே எங்களிடம் சொல்லி வையுங்கள். நம் மேசைக்கு வருகிற எந்தக் கடிதமும் இராத் தங்காது. அது நாங்கள் அந்தக் கடைக்காரருக்குப் பட்ட கடன். அவர் இல்லாததால் உங்களுக்குத்தான் கட்ட வேண்டும்.

தேத்தண்ணி ஆறிப் போகிறது. வழக்காளிகள் இரண்டு பேரும் முன்னால் வந்து உட்காருங்கள். கொப்பியின் முதல் பக்கம் உங்களுடையது.